சார்தாவைத் தண்ணியில தள்ளியாச்சு

ஃபோஷ் வேல்யா துறையில் இருந்த அத்தனை பேரும் அலைதடுப்புச் சுவர்மேல் ஏறி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் காணாமல் போனால் கூட்டத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். கடலில் பார்க்க என்ன இருக்கிறது? தண்ணீர்.

"என்ன மாமா, எவனாவது சிக்குனானா?" என்றாள் கிரசிந்தா.

"இன்னும் இல்ல."

"பாத்துக்கிட்டே இருங்க. உங்க மூஞ்சியப் பாத்துப் பயந்தே எவனாவது ஒத்துக்குவான்."

வாய் இப்படிப் பேசியதே தவிர, கை மகளின் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து அதை அவள் கீழே வைக்கவில்லை. ராத்திரி அதோடுதான் உட்கார்ந்திருந்தாளாம்.

என் பெயர் சில்வெரியோ. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்தது. அப்புறம் வலை, அப்புறம் ஐஸ் ஆலையில் காவல். இப்போது இந்தத் துறையில் ஏதாவது களவு போனாலோ எவனாவது ஓடிப்போனாலோ போலீசுக்கு முன்னால் என்னிடம் வருகிறார்கள். நான் பெரிய அறிவாளி என்பதால் இல்லை. எவன் சொன்னாலும் நம்பமாட்டேன், அது ஒன்றுதான் என் முதல். கிரசிந்தா வண்டியில் மீன் போட்டு ஆற்றின் இரண்டு கரையிலும் வாசல் வாசலாக விற்கிறவள். இக்கரையில் போர்ச்சுகல், அக்கரையில் ஸ்பெயின். இரண்டு கரையிலும் அவள் எட்டிப் பார்க்காத சமையலறை கிடையாது. அதனால் எனக்குத் துணை. இதுவரை நாங்கள் நோண்டியதெல்லாம் ஊரான் வீட்டுச் சங்கதி.

இந்த முறை காணாமல் போனவள் அவளுடைய ஒரே மகள் ஒத்தீலியா.

கரைக்கு வரும் மீனை அளந்து, எந்த நாட்டுப் பங்கில் சேர்ப்பது என்று சொல்கிற அரசாங்க வேலை அவளுக்கு. நேற்று விடியற்காலை வீட்டை விட்டுப் போனவள். ஸ்கூட்டர் டீசல் பம்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. போன் அடித்தால் உயிரில்லை. முகமெல்லாம் பழுப்புப் புள்ளி என்பதால் துறையில் எல்லாரும் அவளைச் சார்தா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பேச்சில் அந்தப் புள்ளிக்குப் பெயர் சார்தா. எங்கள் கடலில் கிடைக்கிற, முதுகில் கோடு போட்ட கானாங்கெளுத்திக்கும் பெயர் சார்தாதான்.

நேற்றுக் காலை ரேடியோவில் அந்தப் பேச்சு வந்தது. துறையில் படகு வைத்திருக்கிறவன் வீட்டில் எல்லாம் அடுப்படியில் ஒரு ரேடியோ கரகரத்துக்கொண்டே இருக்கும். ஊரே கேட்டது.

"சார்தாவைத் தண்ணியில தள்ளியாச்சு. இனி எவனும் கேக்க மாட்டான். நீ வீட்டுக்குப் போ."

அதற்கு இன்னொரு குரல்: "சரி."

கேட்டபோது எவனும் கண்டுகொள்ளவில்லை. சாயங்காலம் ஒத்தீலியா வீடு திரும்பவில்லை என்றதும்தான் ஒவ்வொருத்தனுக்கும் அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. அந்தச் 'சரி' படகுக்காரன் அமாந்தியோவின் குரல் என்று ராத்திரியே போலீஸ் அவனைப் பிடித்துவிட்டது.

ஏட்டு வால்டெமார் தொப்பியைக் காற்றுக்கு ஒரு கையால் அமுக்கிக்கொண்டு எங்களிடம் வந்தான். அவன் அப்பனும் நானும் ஒரே படகில் இருந்தவர்கள். அதனால் மரியாதையாகத்தான் பேசுவான். அந்த மரியாதையை நான் நம்புவதில்லை.

"மாமா, அக்காவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க. தென்மேற்குல இருந்து அலை ஏறுது. மத்தியானத்துக்கு மேல தேடுற லாஞ்சு வெளிய போக முடியாது."

"அதுக்குள்ள கெடைக்கலன்னா?" என்றாள் கிரசிந்தா.

அவன் லாஞ்சைத் திரும்பிப் பார்த்தான். பதில் சொல்லாத போலீஸ்காரனை மட்டும் நான் கொஞ்சம் நம்புவேன்.

"அமாந்தியோ என்ன சொல்றான்?" என்று கேட்டேன்.

"வாயே தொறக்கல. அந்தச் 'சரி' அவன் கொரலுதான்னு அவன் பொண்டாட்டியே சொல்லிட்டா. கேட்டா, வக்கீல் வரட்டும்கிறான். ஒரு குத்தமும் பண்ணாதவனுக்கு வக்கீல் எதுக்கு மாமா?"

"வேற குத்தம் பண்ணியிருந்தா?"

"சார்தா அவன்கூட முந்தாநாள் ஏலக்கூடத்துல சண்ட போட்டிருக்கா. ஊரே பாத்துச்சு."

அது உண்மை. அமாந்தியோவின் படகு சின்னப் படகு, பெயர் 'கடவுள் துணை'. கொஞ்ச நாளாக அது சுமக்க முடியாமல் சார்தா மீனைக் கொண்டுவந்து கொட்டியது. ஒத்தீலியா அவன் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள்: கடவுளே வந்து வலை இழுத்தாலும் இந்தப் படகில் இவ்வளவு மீன் விழாது, யார் மீன் இது?

"அந்த ரேடியோக்காரன் மீனைச் சொல்லியிருந்தா?" என்றேன்.

வால்டெமார் பெருமூச்சு விட்டான். "அதை நான் யோசிக்காம இருப்பேனா? சார்தாவுல நம்ம நாட்டுப் பங்கு இன்னும் மிச்சம் இருக்கு. இந்த வாரம் அது போற வெலைக்கு எந்த மடையன் அதத் தண்ணியில தள்ளுவான்? சொல்லுங்க."

சரியான பேச்சு. அவன் லாஞ்சுக்குப் போனான்.

டிசம்பர் பிறந்தால் மந்திரிகள் எங்கேயோ ஒரு அறையில் கூடி இந்த மீனைக் கூறு போடுவார்கள். சந்தையில் மீன்காரி கூறு போடுவாளே, அப்படி. நோர்வேக்கு ஒரு கூறு, ஸ்காட்லாந்துக்கு ஒரு கூறு, அயர்லாந்துக்கு ஒன்று. ஸ்பெயினுக்குக் கொஞ்சம். எங்களுக்குக் கூடையில் ஒட்டின செதில். மீன்காரியாவது கண் முன்னால் மீனை வைத்துக்கொண்டு கூறு போடுவாள். இவர்கள் கடலில் கிடப்பதைக் கண்ணால் பார்க்காமலே போடுகிறார்கள். நம்புவதற்கு நான் என்ன பைத்தியமா? ஆனால் நம்பினாலும் நம்பாவிட்டாலும், கூறு தீர்ந்த நாட்டுக்காரன் அதற்கப்புறம் ஒரு மீனைக் கரைக்குக் கொண்டுவந்தால் படகு பறிபோய்விடும்.

கூறு தீர்ந்த நாட்டுக்காரன்.

"கிரசிந்தா, அக்கரையில சார்தா பங்கு என்னாச்சு?"

"ஸ்பெயின்காரனுக்கா? போன வாரமே காலி. அவனுங்க மூஞ்சியப் பாக்கணுமே. இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சும்மாவா சொன்னான்? இப்ப நம்ம கரையைப் பாத்து அவனுங்க எச்சில் ஊத்துறானுங்க."

"அப்ப வலையில சார்தா விழுந்தா அவன் என்ன பண்ணுவான்?"

"தண்ணியிலதான்..." வாய் பாதியில் நின்றது. ஹெல்மெட்டை இன்னும் இறுக்கினாள். உடனே தலையை ஆட்டினாள். "இல்ல மாமா. ஆசை காட்டாதீங்க. ஸ்பெயின்காரன் சார்தான்னு சொல்லவே மாட்டான். அவன் அந்த மீனைக் 'கபாயா'ன்னு சொல்லுவான். ரேடியோல கேட்டது சார்தா. சுத்தமா நம்ம ஊர் நாக்கு."

"அதான். நாக்கு இக்கரை, வலை அக்கரை."

அவள் என்னையே பார்த்தாள்.

"அக்கரைப் படகுல கூலிக்குப் போற நம்ம ஊர்க்காரன் எவன் எவன்?"

"திக்குவாய் அட்டிலியோ."

"அவன் 'சார்தா'ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள சார்தா முட்டை போட்டுடும். அடுத்தவன்?"

"பெலிசார்த்தோ. காலு ஒடிஞ்சு பெரியாஸ்பத்திரியில கெடக்கான். நேத்துக்கூட அவன் பொண்டாட்டி, ஆஸ்பத்திரி சூப்புல உப்பில்லன்னு என்கிட்டப் பொலம்புனா. அப்புறம்..." கண் விரிந்தது. "செஃபரீனோ. அமாந்தியோ பொண்டாட்டியோட தம்பி."

மச்சினன்! 'சரி' என்று சொன்னவன் வாயைத் திறக்காமல் இருப்பது ஏன் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது.

மிஞோ ஆற்றைக் கடக்கும் சின்னப் படகில் ஏறினோம். பாலம் வழியாகப் போனால் ஊரைச் சுற்றவேண்டும். படகோட்டி, தண்ணீர் வற்றுகிற நேரம், திரும்பும்போது மணல் தட்டும் என்று முணுமுணுத்தான்.

"தட்டுனா நான் எறங்கித் தள்ளுறேன்யா. நாலு ஆம்பளை கனம் இருக்கேன், ஒரு தடவையாவது உபயோகப்படட்டும்," என்றாள் கிரசிந்தா. அப்புறம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, யாரிடம் பேசுகிறாள் என்று தெரியாமல், "அவளுக்கு நீச்சல் நல்லா வரும்," என்றாள். நடு ஆறு வந்ததும், "ஆனா குளுரு தாங்க மாட்டா," என்றாள்.

நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு அது வராது.

அக்கரைத் துறையில் படகுகள் வரிசையாகச் சும்மா கிடந்தன. பங்கு தீர்ந்த துறை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வலைகள் மடித்தபடி, மதுக்கடை நிறைந்தபடி. செஃபரீனோ கடைக் கோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முன்னால் திராட்சைச் சாராயம், தொடாத முட்டை அடை. நேற்று போட்ட சட்டையைக்கூட மாற்றவில்லை.

எங்களைப் பார்த்ததும் எழுந்தான். நான் தோளில் கை வைத்து உட்கார வைத்தேன்.

"நேத்துக் காலையில ரேடியோல பேசுனது நீதானே?"

"எந்த ரேடியோ? எங்க படகுல ரேடியோ வேலையே செய்யல."

"உங்க படகு எங்க இருந்துச்சு?"

"மேற்க. வெறுங்கையா வந்தோம். மாமா, என்னை விடுங்க."

"தம்பி," என்றாள் கிரசிந்தா, "பொய் சொல்லும்போது உங்கப்பா காது செவக்கும். உனக்கும் செவக்குது. நல்ல பாரம்பரியம்."

அவன் குனிந்துகொண்டான். இவன் பேசமாட்டான். பேசினால் அவன் படகுக்காரன் அவனைத் துரத்துவான், அக்காள் புருஷன் படகு போகும், அக்காள் தெருவுக்கு வருவாள். வாய்க்குப் பூட்டு போட்டிருந்தான். அந்தப் பூட்டுக்கு என்னிடம் ஒரு சாவிதான் இருந்தது, அசிங்கமான சாவி. கிரசிந்தாவிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் முகம் காட்டிக்கொடுக்கும்.

"சரி, நீ ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றேன். "ஒத்தீலியா பொணம் கெடைச்சிருச்சு. இப்பத்தான் கரைக்குக் கொண்டாந்தாங்க. நீ தள்ளிவிட்ட எடத்துக்கு நேரா."

ஹெல்மெட் தரையில் விழுந்து உருண்டது.

செஃபரீனோ மேசையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "பொய்! நான் யாரையும் தள்ளல! அது மீனு! ஐயோ மாமா, அது மீனு! எங்க மாதா மேல சத்தியம், சார்தா மீனு!"

கடையே திரும்பிப் பார்த்தது. கிரசிந்தா நின்ற இடத்தில் நின்றாள். மீன் தொட்டியில் தண்ணீரை வடித்துவிட்டால் மீன் வாய் திறந்து திறந்து மூடுமே, அப்படி அவள் வாய் திறந்து மூடியது.

"பொணம் கெடைக்கல," என்றேன் அவளிடம். "பொய் சொன்னேன்."

அவள் குனிந்து ஹெல்மெட்டை எடுத்தாள். அதாலேயே என் தோளில் ஒரு அடி போட்டாள். முழுக் கையோடு போட்ட அடி. பல்லைக் கடித்துக்கொண்டேன். வாங்க வேண்டிய அடிதான். பிறகு செஃபரீனோவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லு," என்றாள். அதில் கேலி எதுவும் இல்லை.

அவன் அழுதுகொண்டே சொன்னான். அவர்கள் படகு பங்கு தீர்ந்த பிறகும் சார்தா பிடித்துக்கொண்டுதான் இருந்ததாம். ஐஸ் போட்ட பெட்டியோடு கடலிலேயே அமாந்தியோவிடம் கைமாற்றிவிடுவார்கள். அவன் அதை இக்கரையில் இறக்கி எங்கள் நாட்டுப் பங்கில் சேர்த்துவிடுவான். நேற்றும் அவன் பனியில் காத்துக்கொண்டிருந்தான். அதற்குள் கண்காணிப்புக் கப்பல் வருகிறது என்று தெரிந்து, படகுக்காரன் பெட்டி பெட்டியாக எல்லாவற்றையும் கடலில் கொட்டச் சொல்லிவிட்டான்.

"கொட்டிட்டு அத்தானுக்குச் சொன்னேன். சோதனை பண்ண வந்தாலும் இனி எவனும் ஒண்ணும் கேக்க முடியாது, வீட்டுக்குப் போன்னு. அவ்வளவுதான். சார்தா அக்காவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பேச்சு இப்படித் திரும்பும்னு நான் கண்டேனா? அத்தான் வேற செம கோவத்துல இருந்தாரு. பெட்டி இல்லன்னதும் படகையே போட்டு ஒதைச்சாரு. டம்டம்னு எங்க படகு வரைக்கும் கேட்டுச்சு."

"நீ பாத்தியா ஒதைச்சதை?"

"பனியில என்னத்தப் பாக்குறது? சத்தம்தான்."

"இதை ஏட்டுகிட்ட வந்து சொல்றியா?"

அவன் சாராயத்தைப் பார்த்தான்.

"வருவான்," என்றாள் கிரசிந்தா. "வரலன்னா இந்தக் கடையில இருக்கிற அத்தனை பேருக்கும் ஏற்கெனவே காது கேட்டுருச்சு."

திரும்பும் படகில் கொஞ்ச தூரம் போனதும், "அப்ப அவ தண்ணியில இல்ல," என்றாள்.

"இவன் தள்ளல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"வாயில கொஞ்சம் சக்கரை வச்சுப் பேசுனா செத்தா போயிடுவீங்க?"

"பொய்யா சொல்லச் சொல்ற?"

"ஆமா! இப்பத்தானே ஒண்ணு சொன்னீங்க. இன்னொண்ணு சொல்லுங்க. உயிரோட இருக்கான்னு சொல்லுங்க!"

அப்போது படகு மணலில் தட்டி நின்றது. படகோட்டி கழியை ஊன்றித் தள்ளினான். அசையவில்லை. தண்ணீர் ஏறுகிற வரைக்கும் இங்கேதான் என்று சொல்லி சுருட்டைப் பற்றவைத்தான். கிரசிந்தா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். முழங்கால் ஆழம். நானும் இறங்கினேன். வேறென்ன செய்ய? வெறும் மணல்திட்டில் ஏறி நின்றால் எதிரே எங்கள் துறை, கூப்பிடு தூரம். நடுவில் கடக்க முடியாத ஒரு வாய்க்கால்.

துறையின் நடுவில், மிதவையில் கட்டியபடி, 'கடவுள் துணை' தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் போலீஸ் நாடா. தளத்தின் நடுவே, அடியில் இருக்கும் மீன் அறையின் மூடிக்கு மேலே, வலை மலைபோல் குவிந்து கிடந்தது.

எங்கள் துறையில் வெறுங்கையோடு வருகிறவன் வலையை அள்ளி மீன் அறை மூடிமேல் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவான். ஏலக்காரனும் வியாபாரியும் தூரத்திலேயே பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். 'இன்று ஒன்றும் இல்லை, கேட்டு என் மானத்தை வாங்காதே' என்று அர்த்தம். அப்பன் காலத்துப் பழக்கம். மூடிமேல் வலை கிடந்தால் உள்ளே காலி. அதை இங்கே எவனும் கேள்வி கேட்டதில்லை. திறந்தும் பார்ப்பதில்லை. அடுத்தவன் வெறும் அறையை எட்டிப் பார்ப்பது அவன் கஞ்சிப் பானையை எட்டிப் பார்ப்பது மாதிரி.

"வால்டெமார் படகைச் சோதனை போட்டானா?" என்றேன்.

"போட்டானே. கேபின், இன்ஜின், எல்லாம் பாத்தாங்களாம்."

"மூடியத் தொறந்தானா?"

"எதுக்குத் தொறக்கணும்? வலை கெடக்குதே மேல..." அவளும் மீன்காரி மகள். அவளுக்கும் அதே பழக்கம்தான்.

"கிரசிந்தா, அமாந்தியோ ஒதைப்பானா?"

"யாரு? ரெண்டு முட்டியும் போனவன். கோயில் படி ஏறவே பொண்டாட்டி தோளு வேணும். அவன் எதை ஒதைக்கிறது? ஒதைச்சா அவன்தான்..."

நிறுத்தினாள்.

மீன் யாருடையது என்று தெரிய வேண்டுமானால் கைமாற்றும்போது பார்க்க வேண்டும். அதற்குப் படகில் இருக்க வேண்டும். ஐஸ் போட்ட பெட்டியாகவே வாங்குகிறவன் துறையில் ஐஸ் ஏற்றமாட்டான். அவன் மீன் அறை வெறுமையாக, காய்ந்து கிடக்கும். ஒரு ஆள் ஒளிந்துகொள்ளலாம். டீசல் போடப் படகைக் கரையில் கட்டியிருந்த நேரம் ஒத்தீலியா ஏறியிருக்கிறாள். ஆற்று முகத்தில் அலை அடிக்கும் என்று அமாந்தியோ எப்போதும்போல மூடிக்கு இரும்புப் பட்டை போட்டிருக்கிறான். பெட்டி வாங்கும்போது திறப்பான், கையும் களவுமாகப் படம் பிடிக்கலாம் என்று அவள் உள்ளே காத்திருந்தாள்.

பெட்டி வரவில்லை. அவன் திறக்கவே இல்லை. பனியில் கேட்டது உதை இல்லை, அவள் கை. அந்த முட்டி போனவன் இன்ஜின் சத்தத்தில் அதைக் கேட்டிருக்கமாட்டான், கேட்டாலும் இன்ஜின்தான் இருமுகிறது என்று நினைத்திருப்பான். வெறுங்கை என்பதால் வலையை வேறு மேலே வாரிப் போட்டுவிட்டான்.

நேற்று விடியற்காலையிலிருந்து. தக்கைச் சுவர் வைத்த அறை, அதற்கு மேலே வலைக் குவியல். சத்தமும் வெளியே வராது, காற்றும் உள்ளே போகாது.

இதை நான் வாயால் சொல்லவில்லை. அதற்குள் கிரசிந்தா திட்டின் ஓரத்துக்கு ஓடிவிட்டாள். "ஏய்! ஏய்!" என்று ஹெல்மெட்டை வீசி வீசிக் கத்தினாள். சுவர்மேல் நின்ற கூட்டம் எங்களைப் பார்க்கவே இல்லை. எல்லோர் முதுகும் எங்களுக்கு. கண்ணெல்லாம் கடலில். போலீஸ் லாஞ்சு தூரத்தில், வெளி அலையில், தப்பான இடத்தில் விழுந்து விழுந்து எழுந்தது.

திட்டின் கடைசியில் மட்டி பொறுக்குகிற ஒருத்தி தட்டைப் படகை மணலில் இழுத்துப் போட்டிருந்தாள். கிரசிந்தா கேட்கவில்லை, தள்ளினாள். அந்தப் பெண் வாளியோடு ஓடிவந்து எங்களைத் திட்டினாள். முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, திட்டுவதைப் பாதியில் நிறுத்தி, பின்பக்கம் கை கொடுத்துத் தள்ளிவிட்டாள். துடுப்பு என் கையில். என் வயசில் துடுப்பு போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டரையும் நான் நம்புவதில்லை. அன்றைக்கு மட்டும் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

'கடவுள் துணை'யில் ஏறினோம். நாடாவை அவள் பல்லால் கிழித்தாள்.

"ஒத்தீலியா!"

வலையை அள்ளி இழுத்தோம். பனியில் நனைந்த வலை, ஈயக் குண்டுகளோடு, யானை மாதிரி கிடந்தது. சாண் அளவு அசைந்தது, மறுபடி சரிந்தது. அவள் ஏப்ரனில் கை விட்டு மீன் வெட்டும் கத்தியை எடுத்தாள். அமாந்தியோ ஆயுசெல்லாம் உழைத்து வாங்கிய வலை. தலைமுடியை வெட்டுவதுபோல் கொத்துக் கொத்தாக அறுத்தாள். நான் அறுத்ததை வாரி வாரித் தண்ணீரில் எறிந்தேன்.

"ஏய்! அது சாட்சிப் பொருள்! கையை எடுங்க!" லாஞ்சு திரும்பி வந்துகொண்டிருந்தது. வால்டெமார் முகப்பில் நின்று கத்தினான். "மாமா! உங்களையும் சேர்த்துப் புடிச்சு உள்ள போடுவேன்!"

மூடியின் மரம் தெரிந்தது. கிரசிந்தா ஹெல்மெட்டால் அதன்மேல் இடித்தாள். காதை வைத்தாள். மறுபடி இடித்தாள்.

"ஒத்தீலியா, அம்மாடி. ஒரு தடவை தட்டு. ஒரே ஒரு தடவை. உன்ன எதுக்கும் திட்ட மாட்டேன்டி."

உள்ளிருந்து ஒன்றும் இல்லை.

இரும்புப் பட்டை துருவில் இறுகியிருந்தது. துடுப்புக் கட்டையை உள்ளே விட்டு இருவரும் தொங்கினோம். ஒன்று கழன்றது. இரண்டாவது கழலும்போது என் கைத்தோலும் கூட வந்தது. மூடியைத் தூக்கினோம். சூடான, அழுகின, பழைய காற்று முகத்தில் அடித்தது.

ஒத்தீலியா ஏணிக்கடியில் சுருண்டு கிடந்தாள். ஒரு கை ஏணிப் படியில், விரல் நகமெல்லாம் கிழிந்து. மூடியின் உள்பக்கம் முழுக்கக் கீறல். புள்ளி போட்ட அந்த முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. புள்ளி எது, முகம் எது என்று தெரியவில்லை.

கிரசிந்தா ஏணியில் இறங்கவில்லை, குதித்தாள். மகளை மடியில் இழுத்து மேலே தூக்கிக் கொடுத்தாள். நான் பிடித்துத் தளத்தில் கிடத்தினேன். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். கயிறு இழுத்துக் காய்ப்பேறிய விரல், இப்போது ரத்தம் வேறு. அதற்கு ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டில் வைத்தேன். அங்கேயும் தெரியவில்லை. நான் கையை எடுத்துக்கொண்டேன். கிரசிந்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் என்னைத் தள்ளிவிட்டு மகள் பக்கத்தில் முழங்கால் போட்டாள். குனிந்து, தன் கன்னத்தை மகளின் வாய்க்கு மேலே வைத்து, அப்படியே அசையாமல் இருந்தாள்.

லாஞ்சு வந்து இடித்து நின்றது. வால்டெமார் ஏறி வந்தான். அறுந்த வலையைப் பார்த்தான், திறந்த அறையைப் பார்த்தான், கிடந்தவளைப் பார்த்தான். அவனும் இந்தத் துறையில் பிறந்தவன்தானே. ராத்திரி இந்த மூடிக்குப் பக்கத்தில் நின்றுதான் நாடா கட்டியிருக்கிறான். மெல்லத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான். பின்னால் வந்த மற்ற இரண்டு போலீஸ்காரர்களும் கழற்றினார்கள்.

கிரசிந்தா தலையைத் தூக்கவில்லை. கன்னத்தை அங்கிருந்து எடுக்கவும் இல்லை.

"தொப்பியைப் போடுடா," என்றாள். "கன்னத்துல சூடாக் காத்து படுது."